பெரிய வியாழனுக்குக் கழுவிய கால்கள்

பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார். எங்கள் பங்கில் அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே கால் கழுவிவிட்டுத்தான் வருவார்கள். சோப்பு, பீர்க்கங்கூடு, கடைசியில் கொஞ்சம் தேங்காயெண்ணெய். சாமியார் ஊற்றும் தண்ணீர் அந்தக் கால்களில் ஒட்டாமல் ஓடும். அவர் குனிந்து முத்தமிடும்போது பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும். எனக்குச் சிரிப்புதான் வரும். அந்தப் பன்னிரண்டு பேர் உட்காரும் நாற்காலிகள் லாஞ்சு முதலாளிகளுக்கும் சங்கு வியாபாரிகளுக்கும் தகப்பன் வழி வந்த சொத்து.

எழுபதுகளின் நடுவில் ஈஸ்டருக்கு முந்தைய ஒரு தபசு காலத்தில் ஆயரின் சுற்றறிக்கை வந்தது. இரு நாட்டு ஒப்பந்தப்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்படுகிறவர்கள் நம் சகோதரர்கள், அவர்களுக்குக் கதவைத் திறங்கள் என்றது. கோயில் கமிட்டி உருகிப்போனது. தலைவரான சங்கு வியாபாரி கொழும்பில் கடை வைத்துக் கொழித்த குடும்பம். அங்கே வேளைக்கு வேளை குடித்த தேயிலையைப் பறித்தது யாரென்று ஒருநாளும் கேட்டிராதவர், 'நம் இரத்தம்' என்று மைக்கில் தொண்டை கம்மப் பேசினார். பிறகு பழைய துணி சேர்த்தார்கள். பொத்தான் இல்லாத சட்டைகளோடு பூச்சி அரித்த கம்பளிக் கோட்டு ஒன்றும் வந்தது. தூத்துக்குடி வெயிலுக்குக் கோட்டு கொடுத்த புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

வந்தவர்களில் ஆறு குடும்பங்களைக் கோயிலின் காலிச் சரக்குக் கிட்டங்கியில் ஈஸ்டர் வரை தங்கவிட்டார்கள். அவர்களுக்காகப் பேசிய மனிதர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ரேஷன் கார்டு கைக்கு வரும்வரை அங்கேயே இருக்கவிட வேண்டும். விலாசம் இல்லாமல் கார்டு இல்லை, கார்டு இல்லாமல் அரிசி இல்லை. அவருடைய மகள் கோயில் பள்ளியில் நான் பாடம் நடத்திய ஆறாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

சாமியார் நல்லவர். ஆனால் கமிட்டி தும்மினால் இவருக்குக் காய்ச்சல் வரும். அந்த மனிதரைப் பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்காரவைத்துவிட்டால் பிறகு யாரும் கிட்டங்கியைக் காலி செய்யச் சொல்லத் துணியமாட்டார்கள் என்று கணக்குப் போட்டார். முழங்கால் வலியென்று சங்கு வியாபாரியே தன் நாற்காலியைக் கொடுத்தார். கொடுத்ததை அடுத்த மூன்று ஞாயிறும் மைக்கில் சொன்னார்.

புதன்கிழமை பிற்பகல் சாமியார் பூசை உடுப்பு மாற்றும் சக்ரீஸ்தில் கால் பார்க்கும் சடங்கு நடந்தது. ஒரு வருஷம் யாரோ படகுத் தார் ஒட்டிய காலோடு வந்துவிட்டதிலிருந்து அப்படி ஒரு வழக்கம். பேர் எழுதவும் தோளில் போடும் வெள்ளைக் கச்சைகளைத் தேய்த்துக் கொடுக்கவும் நான் அங்கே இருந்தேன். அந்த மனிதர் வேட்டியைத் தூக்கினார். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை கருத்த தழும்புகள். ஒன்றிரண்டு சொறிந்து புண்ணாகியிருந்தன.

அது அட்டைக்கடி என்றார் அவர். மழைக்காலத்தில் தேயிலைக் காட்டுக்குள் இறங்கினால் காலில் ஏறி ரத்தம் குடிக்கும், விழுந்த இடத்தில் தழும்பு நிற்கும் என்று பொறுமையாக விளக்கினார். திருக்கை மீன் குத்தியது, கடலில் சொறிமீன் பட்டது என்றால் எங்கள் ஆட்களுக்குப் புரியும். உப்புக் காற்றிலேயே வளர்ந்தவர்கள் அந்த மலைப் பூச்சியைக் கண்டார்களா? ஆளுக்கு ஒரு எட்டு பின்னால் போனார்கள்.

"இது பெருவியாதி, சாமி. இந்தக் கால நீங்க தொட்டீங்கன்னா, அடுத்த கால யாரு நீட்டுதது?" என்றார் சங்கு வியாபாரி.

சாமியார் சுவரைப் பார்த்தார். நான் கச்சைகளை மடித்தேன். எனக்குத் தெரியும். அட்டைப் பாடத்தை நான்தான் நடத்தினேன், அந்த மாதம்தான் நடத்தினேன். ஆனால் என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. பள்ளி நிர்வாகத்திலும் அதே சங்கு வியாபாரிதான் இருந்தார்.

வியாதிக்காரர்களைக் கோயில் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று அப்போதே முடிவானது. வியாழன் காலையில் ஆறு குடும்பங்களும் தகரப்பெட்டிகளோடு வெளியேறின. போகும் வழியில் அந்த மனிதர் மகளோடு என் வீட்டு வாசலில் நின்றார். அவளுடைய அறிவியல் நோட்டை விரித்துப் பிடித்திருந்தார்.

"டீச்சர், இந்தப் படத்த நீங்கதானுங்களே போடச் சொல்லிக் குடுத்தீங்க?"

அட்டையின் படம். கீழே சிவப்பு மையில் 'மிக நன்று' என்று என் கையெழுத்து.

ஆமாம் என்றேன். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று அவர் நின்றார். மகள் என்னைப் பார்க்கவேயில்லை. பிறகு நோட்டை மூடிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கமிட்டிக்காரர்களுக்கு அட்டை தெரியாது. எனக்குத் தெரியும், தெரிந்தும் வாய் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் சங்கு வியாபாரி முழங்கால் வலி ஏதுமில்லாமல் வந்து தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். கச்சை நழுவுகிறது என்றார். அவர் தோளில் அதை ஊசி குத்தி நிறுத்தியவள் நான்தான்.