பலாச்சுளைக்கு வந்த ஸ்பிரிட்

போலந்தில் எங்கள் தெருமுனைக் கடையில் மாவு, சர்க்கரையோடு தொண்ணூற்றைந்து சதவீத ஸ்பிரிட்டும் விற்பார்கள். பக்கத்து வீட்டு ஹலினா அதில் தண்ணீர் கலந்து, செர்ரிப் பழங்களை ஊறவைத்து ‘நலேவ்கா’ என்ற மது செய்வார். முதல்முறை அவர் கோப்பையை நீட்டியபோது, “கண்ணுக்கு ஒன்றும் ஆகாதே?” என்று எனக்குத் தெரிந்த போலிஷில் கேட்டேன். பரிவோடு என் முகத்தைப் பார்த்தவர், நல்ல கண் மருத்துவர் ஒருவரின் பெயரைச் சொன்னார்.

அவருக்கு எப்படி விளக்குவது? நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் அப்பாவோடு ஒரே ஷிப்டில் இருந்த சேவியர் மாமா, ஒரு கல்யாணத்தில் யாரோ ஊற்றிக் கொடுத்த கள்ளச்சாராயத்தைக் குடித்தார். மறுநாள் காலையில், “இன்னுமா விடியல?” என்று கேட்டாராம். அதன்பிறகு மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் கோயிலுக்கு வந்தார்.

இந்தக் கோடையில் தம்பி மகளின் ஞானஸ்நானத்துக்காக ஊருக்குப் போயிருந்தேன். பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்று குவார்ட்டர்ஸ் வீடு முழுக்க மணந்தது. அதில் நலேவ்கா செய்யலாம் என்று வாய்விட்டுச் சொன்னது நான்தான். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் தம்பி அருள், மறுநாளே வெள்ளைக் கேன் ஒன்றோடு வந்து நின்றான்.

“சுத்தமான ஸ்பிரிட்டு, அக்கா. தெரிஞ்சவர்கிட்ட சொல்லி வாங்கிகினு வந்தேன். மிச்சத்த விருந்துக்கு வச்சிக்கலாம்.”

“அவரு யாருகிட்ட வாங்கினாரு?”

“அதெல்லாம் கேட்டா குடுப்பாங்களா? பத்தவச்சிக் காட்டவா? நீலமா எரியும்.”

“கண்ணப் பறிக்கிற மெத்தனாலும் நீலமாத்தாண்டா எரியும்.”

மோந்து பார்த்தேன். மூக்குக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவன் குளிக்கப் போனதும் கேனைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டேன்.

ஈரத்தலையோடு வந்து பார்த்தவனின் முகம் சுருங்கிவிட்டது. “நான் என்ன விஷமா கொண்டாருவேன்? வந்ததுல இருந்து வூட்டுத் தண்ணியக்கூட தொடாம பாட்டில் தண்ணிதான் குடிக்கிற. இப்ப என்னையும் நம்பல.”

கேனில் இருந்தது என்னவென்று இன்றுவரை தெரியாது. பெயர் தெரியாத போலந்து ஆலையின் முத்திரையை நம்பும் எனக்கு, கூடப்பிறந்தவன் கொண்டுவந்ததை நம்ப முடியவில்லை.

சாயங்காலம் அவனே கடைக்குப் போய், சீல் உடையாத வோட்கா பாட்டிலை வாங்கிவந்து என் முன்னால் வைத்தான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடியைத் தடவிச் சரிபார்த்தேன். சுளைகளை ஜாடியில் போட்டு அதை ஊற்றினேன். ஊற இரண்டு மாதமாகும். எனக்கோ அடுத்த வாரம் விமானம்.

இரண்டு மாதம் முடிந்து, நேற்று போலந்திலிருந்து வீடியோ காலில் அம்மாவிடம் கேட்டேன்: “ஜாடியில போட்டது எப்படிம்மா இருக்கு?”

“யாரும் தொறக்கலடி. நீ வந்து மொதல்ல குடிச்சாதான் தொடுவேங்கறான் உன் தம்பி.”

கோபமா பாசமா என்று கேட்கத் தைரியமில்லை. அருள் ஜாடியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினான். போன் திரை முழுக்கப் பொன்னிறம். அதற்குப் பின்னால் அவன் முகம் கோணலாக அசைந்தது. சிரிக்கிறானா என்று பார்க்கத் திரையைக் கண்ணருகே கொண்டுபோனேன். திரைக் கண்ணாடியில் என் மூச்சு படிந்ததுதான் மிச்சம்.