பருந்துக்குப் புளி போட்ட சனிக்கிழமை

எங்கள் அம்மாவுக்கு மங்கிய பித்தளையைக் கண்டால் கை சும்மா இராது. அது யாருடைய பொருளாக இருந்தாலும் பழப்புளி போட்டு மினுக்கினால்தான் நித்திரை வரும். புலம்பெயர்ந்து வந்து பார்க்டேலில் நாங்கள் குடியிருந்தபோது பக்கத்துத் தெரு அங்கிலிக்கன் சேர்ச்சுக்கு இந்தக் குணத்தால்தான் ஆபத்து வந்தது.

நாங்கள் சைவக்காரர். ஆனாலும் ஞாயிறு தவறாமல் அங்கே போவோம். அப்பா அப்போது சென்னையில் பேப்பர் எதுவும் இல்லாமல் மாட்டிக்கொண்டிருந்தார். அவரை ஸ்பொன்சர் செய்து எங்களிடம் கூப்பிட அந்தச் சேர்ச் ஆட்கள் முன்வரலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. செய்வதா விடுவதா என்று ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு கூடி முடிவெடுப்பதாகச் சொன்னார்கள். உதவி கேட்கும் இடத்தில் வெறுங்கையோடு நிற்க அம்மாவுக்கு மனமில்லை. முதல்நாளே கூட்டித் துடைத்துத் தருகிறேன் என்று பாதரிடம் கதவுத் திறப்பை வாங்கிக்கொண்டார். எட்டு வயதான நான்தான் அவருடைய மொழிபெயர்ப்பாளர்.

செங்கல் கட்டடம், நூறு வருடம் பழையது. கூரை முழுக்கக் கறுத்த மரவளைகள். கூர்முனை ஜன்னல்களில் நிறக் கண்ணாடி. வெயில் அடித்தால் ஆட்கள் உட்காரும் வாங்குகளின் மேல் சிவப்பும் நீலமுமாக விழும். ஒவ்வொரு வாங்கின் முதுகிலும் முழங்காலில் நிற்பதற்கான பூவேலை மெத்தைகள் தொங்கின. அவற்றை அம்மா தலையணை என்று நினைத்துத் தட்டி, இரண்டிரண்டாக இருக்கைகளில் வைத்தார். பாடகர் குழு இருக்கும் மேடைக்கு ஏறும் படிக்குப் பக்கத்தில் ஒரு தூண் நின்றது. அதன்மேல் பொன்னிறம் மங்கிய ஒரு பருந்து, விரித்த செட்டைகளில் பைபிளைத் தாங்கியபடி இருந்தது.

"பெருமாளின்ரை வாகனத்தை உப்பிடியே வைச்சிருக்கிறது?" என்று அம்மா கோபப்பட்டார்.

பைபிளை மரியாதையாக எடுத்து வைத்துவிட்டு, ஒரு செட்டைக்கும் தூணடியில் பதித்திருந்த கறுத்த தகட்டுக்கும் கரைத்த புளியைப் பூசி ஊறவிட்டார். பிறகு தேய்த்தார். துணியில் மஞ்சள் வந்தது, அதன்பின் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஏதோ வந்தது.

"எத்தினை காலத்து ஊத்தை, பார்!" என்று பெருமைப்பட்டார். இன்னும் அழுத்தித் தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் அவர் கை நின்றுவிட்டது.

"இது மரமடி."

ஓக் மரத்தில் செதுக்கித் தங்கரேக்கு ஒட்டிய பருந்து அது. பித்தளை என்று இருந்தது அந்தச் சின்னத் தகடு மட்டும்தான். அது நன்றாகவே மினுங்கியது. முதலாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பாத ஒரு பெடியனின் பெயர் அதில் பளிச்சென்று தெரிந்தது.

"பைபிளை விரிச்சு வைச்சால் தெரியாதம்மா" என்று நான் ஒரு வழி சொன்னேன்.

"நாளைக்கு நானே சொல்லுறன். நீ அதை அப்பிடியே இங்கிலீசில சொல்லு. கூட்டிக் குறைச்சுச் சொல்லாதை."

புளியாலே அப்பா வராமல் போகப் போகிறார் என்று பயந்து அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நேரத்தோடு போனோம். பாதர் பருந்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு போய் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பருந்தைச் செய்து கொடுத்த குடும்பத்தில் மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான். அந்தச் சேர்ச்சில் அவர் வேண்டாம் என்றால் யாரும் வேண்டும் என்று சொல்லமாட்டார்கள்.

அம்மா அவருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பித்தளை எண்டு நினைச்சுப் பழுதாக்கிப்போட்டன். கோவமெண்டால் என்னை ஏசுங்கோ. இவளின்ரை அப்பாவை விட்டிடாதேங்கோ."

நான் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அந்தப் பெண்மணி தோல் உரிந்த செட்டையைத் தடவிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெல்லக் குனிந்து தகட்டை வாசித்தார். "என் அப்பாவுடைய அண்ணன்" என்றார். பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்து ஒன்று கேட்டார்.

"அப்பா எப்ப வாறார் எண்டு கேக்கிறா" என்றேன்.

தங்கம் உரிந்தபோது கலங்காத அம்மா, வாங்கைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழத் தொடங்கினார். அதுவரை எங்கள் ஆட்களும் சரி, பாதரும் சரி, அப்பா வருவாரா என்றுதான் கேட்டிருந்தார்கள். எப்போது என்று ஒருவரும் கேட்டதில்லை. அது எனக்கு அன்று உறைக்கவில்லை. என் தமிழில்தான் ஏதோ பிழை, அம்மா ஏச்சு என்று விளங்கிக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். "அவ ஏசேல்லை அம்மா, அப்பா எப்ப வாறார் எண்டுதான் கேக்கிறா" என்று இன்னொருமுறை, கொஞ்சம் உரத்துச் சொன்னேன்.