செலோப்பியாத்தின் மகள்களும் மூன்று பரப்புக் காணியும்: ஜெனீவாவுக்கு ஒரு நாள்

ஜெனீவாவுக்கு ஏரி பார்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் கையெழுத்து வைக்கப் போனோம். பத்திர வேலையாக அங்கே போக இருக்கிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பங்குனியில் எனக்குப் பதினெட்டு வயது முடிந்தது. அதற்காகத்தான் யாழ்ப்பாணத்தில் சித்தப்பா காத்திருந்தார். அப்பா போன வருசம் இறந்துவிட்டார். அவருடைய முதுசமான, அதாவது பரம்பரையாக வந்த, ஏக்கரில் ஐந்தில் ஒரு பங்கு அளவான மூன்று பரப்புத் தென்னங்காணி எனக்கும் அக்காவுக்கும் வரவேண்டியது. சித்தப்பா அதைத் தன் மகனின் பெயருக்கு மாற்ற நினைத்தார். அதற்கு எங்கள் இருவர் சார்பிலும் அவர் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் அற்றோணிப் பத்திரம் வேண்டும். அதை ஜெனீவாவில் இருக்கிற எங்கள் நாட்டுத் தூதரகத்தில் போய்த்தான் எழுத வேண்டும். சித்தப்பா கெட்டவர் இல்லை. இருபது வருசமாக அந்தத் தென்னைகளுக்குத் தண்ணீர் இறைத்தவர். பெண்பிள்ளைகளுக்குச் சீதனம், காணி ஆண்பிள்ளைக்கு என்று மனதார நம்புகிறவர்.

செவ்வாய்க்கிழமை காலை அம்மாவும் அக்காவும் நானும், நாங்கள் இருக்கிற ஓஸ்டர்முண்டிகனில் ரயில் ஏறினோம். பேர்ன் ஐந்து நிமிடம். அங்கிருந்து 7.34 ரயில். ஜெனீவா ஏறக்குறைய 160 கிலோமீற்றர், ஒன்றே முக்கால் மணி நேரம். அரைக் கட்டண அட்டையோடு ஆளுக்கு 26 பிராங் அளவில் வந்தது. இடது பக்க ஜன்னலில் இருங்கள். ஃப்ரிபூர்க் தாண்டி, லொசானுக்கு முன்னால் ஒரு சுரங்கம் முடிகிற இடத்தில் முழு ஏரியும் ஒரேயடியாகக் காலடியில் வரும். எத்தனை தரம் பார்த்தாலும் அம்மா "அம்மாடி" என்பா. அன்றும் சொன்னா.

எனக்கு ஏரியில் மனம் போகவில்லை. நான் ஒரு படத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். எழுந்து நின்று கதைக்க வேண்டிய நாளில் நான் வகுப்புக்கே போகமாட்டேன், அதுவும் ஒரு காரணம். இப்போது கிழமை நாட்களில் முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கிறேன். சனிக்கிழமைகளில் அம்மாவோடு ஒரு தேவாலய மண்டபம் துப்புரவாக்கப் போவேன். அங்கே ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் கீறி ஒட்டிய நீளமான படம் ஒன்று இருக்கிறது. ஒரு பெரிய கூடாரம், தாடி வைத்த ஆண்கள் கூட்டம், அவர்களுக்கு முன்னால் ஐந்து பெண்கள். கீழே ஜெர்மனில் கதை எழுதியிருந்தது. நாங்கள் சைவம், எனக்கு அந்தக் கதை தெரியாது. தூசு தட்டித் தட்டியே படித்தேன்.

பழைய இஸ்ரவேலரிடம் காணி மகன்களுக்குத்தான் போகும். செலோப்பியாத் என்பவர் வனாந்தரத்தில் இறந்துபோனார். ஐந்து மகள்கள், மகன் இல்லை. நாட்டைப் பங்கிட ஆயத்தம் நடந்தபோது அந்த ஐந்து பேரும் தலைவர் மோசேக்கும் குருக்களுக்கும் முழுச் சனத்துக்கும் முன்னால் போய் நின்று கேட்டார்கள்: மகன் இல்லை என்பதற்காக எங்கள் அப்பாவின் பெயர் இல்லாமல் போக வேண்டுமா? மோசே கடவுளிடம் கேட்டுவந்து, இவர்கள் கேட்பது சரி என்றாராம்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. படத்தின் கடைசியில் பிள்ளைகள் அதே ஐந்து பேரையும் மறுபடி, வேறொரு ஆளுக்கு முன்னால் கீறியிருந்தார்கள். இடம் மிஞ்சியதால் கீறியிருப்பார்கள் என்று நினைத்து, அதன் கீழே இருந்ததை வாசிக்காமல் விட்டேன்.

ஜெனீவா நிலையத்தில் இருந்து 15ஆம் இலக்கத் திராம். ஆளுக்கு மூன்று பிராங், நேஷன்ஸ் சதுக்கத்துக்குப் பத்து நிமிடம். எங்கள் சனம் நீதி கேட்டு ஊர்வலம் போகிற இடம் அது. திராமுக்குள் ஒரு தமிழ் அண்ணை எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ஊர்வலத்துக்கோ போறியள்? இண்டைக்கு ஒண்டும் இல்லையே!"

"இல்லையண்ணை, காணி விசயம்," என்றா அம்மா.

"அப்ப அதுவும் ஊர்வலம் மாதிரித்தான். லேசிலை முடியாது."

எங்களுக்குத் தந்த நேரம் 10.30. கையில் ஒரு மணி நேரம் இருந்தது. சதுக்கத்தில் கால் உடைந்த மாதிரிச் செய்து நிறுத்திய, மாடி உயரப் பெரிய மரக்கதிரைச் சிலைக்குக் கீழே நின்றோம். சின்ன வயதில் அப்பாவின் தோளில் இருந்து அதைப் பார்த்திருக்கிறேன். அப்போது என் தலை கதிரையில் இடிக்கும் என்று பயந்து குனிந்தேனாம். அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"அம்மா, சித்தப்பாவுக்குப் போன் எடுங்கோ," என்றேன். அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுத் தந்தா. அங்கே பகல் ஒரு மணி தாண்டியிருந்தது.

"சித்தப்பா, நான் கதைக்கிறன்."

"ஆர், பெரியவளோ?"

"இல்லை, சின்னவள்."

"எட! உனக்குக் கதைக்கவும் வருமோ?"

அக்கா சிரித்துவிட்டா. நான் தொலைபேசியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். "அப்பாவுக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லையெண்டதுக்காக அவரின்ரை பேர் அந்தக் காணியிலை இல்லாமல் போகவேணுமோ சித்தப்பா?"

அந்தப் பக்கம் ஒரு காகம் கத்தியது.

"காணியை ஆர் பாக்கிறது? நீயோ வந்து தண்ணி இறைக்கப்போறாய்?"

"நீங்கள்தான் பாக்கிறியள். பாக்கிறதுக்கு மட்டும் அதிகாரம் எழுதித் தாறம். தேங்காயெல்லாம் நீங்களே எடுங்கோ. காணி எங்கடை பேரிலை இருக்கட்டும்."

"கொக்கா சீதனம் வாங்கிட்டாள். சீதனம் வாங்கினவைக்கு முதுசத்திலை பங்கில்லை, தெரியுமோ?"

அக்கா குனிந்து தொலைபேசிக்குள் சொன்னா: "ஓம் சித்தப்பா, நான் வாங்கினனான், என்ரை வாயை அடைச்சாச்சு. தங்கச்சி இன்னும் ஒண்டும் வாங்கேல்லை. அவள் கேக்கலாம்தானே?"

சித்தப்பா பெரிதாக மூச்சு விட்டார். "என்ரை அண்ணர், கொப்பரும் உப்பிடித்தான். வாய் திறவார், திறந்தா விடார்." குரல் கொஞ்சம் தழுதழுத்தது. "சரி, இண்டைக்குக் கையெழுத்து ஒண்டும் வைக்காதேங்கோ. நான் பத்திரம் எழுதுற நொத்தாரிசோடை கதைக்கிறன். ஆனா ஒண்டு பிள்ளை, பிறத்தியிலை கலியாணம் கட்டிக் காணியை வெளியிலை விட்டிடாதை!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் படக் கதையிலும் கோத்திரத்துப் பெரியவர்கள் பிறகு வந்து ஐந்து பேருக்கும் இதே நிபந்தனை வேண்டும் என்றுதான் கேட்டார்கள்: சொந்தக் கோத்திரத்துக்குள் மணம் முடிக்க வேண்டும், காணி வெளியே போகக்கூடாது. அந்தப் பெண்கள் சரி என்றார்கள். நான், "அதைப் பிறகு கதைப்பம்," என்றேன்.

தூதரகத்துக்கு உள்ளே போய், பராமரிப்புக்கு மட்டும் அதிகாரம் கொடுக்க என்ன வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டோம். கேட்டது நான். திரும்பிவந்து கதிரையின் நிழலில் அம்மா சுட்டுக்கொண்டுவந்த றோல்ஸ் சாப்பிட்டோம். மாலை நாலு மணிக்கு வீட்டில் நின்றோம்.

போகிறவர்களுக்கு: நேரத்தை முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். கடவுச்சீட்டு, இறப்புச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றிலும் பிரதி எடுங்கள். பத்திரத்தை வீட்டிலேயே வரி வரியாக வாசியுங்கள். விளங்காத வரி இருந்தால் கையெழுத்து வைக்காதீர்கள். என்னைப்போலக் கூச்சம் உள்ளவர்கள் கேட்க வேண்டியதைத் திராமில் மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். பத்து நிமிடம் போதும்.

அடுத்த கிழமை சித்தப்பா போன் எடுத்தார். நொத்தாரிசு சம்மதமாம். ஆனால் தன் மகனுக்கு மனவருத்தமாம், நான் அவனோடும் இன்னொருக்கால் கதைத்தால் நல்லதாம். அந்தச் சனிக்கிழமை படத்தின் கடைசிப் பகுதிக்குக் கீழே எழுதியிருந்ததையும் வாசித்தேன். மோசே வாக்குக் கொடுத்துவிட்டு இறந்துபோனார். காணி கையில் வரவில்லை. ஐந்து பேரும் புதிய தலைவரிடம் திரும்பவும் போய்க் கேட்டுத்தான் வாங்கினார்களாம்.

துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, சித்தப்பாவின் மகனான தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன்.