மூன்று பங்குக் கிணறும் நான்கு கல்லும்

என் தம்பி குமாரசாமியிடம் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளே, அவனைப் பற்றி நீங்கள் கேட்டதற்காக எழுதுகிறேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள், சேதியை மாற்றாதீர்கள்.

அன்று வாய்க்காலில் நின்றிருந்தேன். மில்லுக்குப் போன் வந்ததாம். ஒருவன் ஓடிவந்து, "தம்பி ஆஸ்பத்திரியில இருக்குறாராமுங்க" என்றான். பின்னாலேயே இன்னொருவன், "முடிஞ்சுபோச்சாமுங்க" என்றான். யாரை நம்புவது? மடையைக்கூட அடைக்காமல் எடப்பாடி ரோட்டுக்கு ஓடினேன். பஸ்ஸை விட்டு இறங்கி எதிரே வந்தவள் பாவாயி. ஏழு வருஷமாக நான் அவளோடு பேசுவதில்லை.

எங்கள் கிணறு மூன்று பங்கு: நான், பாவாயி, ராமசாமி. ஆளுக்கொரு நாள் தண்ணீர். ஏழு வருஷத்துக்கு முந்தி ஒரு மாரியம்மன் நோம்பியில் முறை மாறியது. "பாவாயி உங்களுக்கு உட்டுக்குடுத்துட்டாளுங்க" என்றான் ராமசாமி. நான் மோட்டாரைப் போட்டேன். அவளும் மண்வெட்டியோடு வந்து நின்றாள். நான் விட்டுக்கொடுத்ததாக ராமசாமி தன்னிடம் சொன்னான் என்றாள். அவனோ, அவளிடம் அப்படிச் சொல்லவே இல்லை என்றான். சண்டையில் என் மஞ்சள் காய்ந்தது. பாவாயிதான் பொய்க்காரி என்று அன்றே முடிவு கட்டினேன்.

லீவில் வந்த தம்பியிடம் நியாயம் கேட்டேன். மோட்டார் ரூம் வாசலில் மூன்று கல்லை வைத்தான்.

"எங்க மிஷினுங்களும் இப்படித்தானுங்க்கா. மூணுல ஒண்ணு கெட்டு, இதுக்கு ஒண்ணு அதுக்கு ஒண்ணுன்னு மாத்திச் சொல்லுச்சுன்னா, நல்லா இருக்குற மிஷினுக்குக் கெட்டது எதுன்னு தெரியாது."

"அப்பப் பொய் சொன்னது யாரு?"

"நீங்க நிக்கிற இடத்துல இருந்து சொல்ல முடியாதுங்க."

"இதச் சொல்லவா உனக்குச் சம்பளம் குடுக்குறாங்க?"

சிரித்துக்கொண்டே நாலாவது கல்லை வைத்தான். "நாலு இருந்தா, ஒண்ணு பொய் சொன்னாலும் மத்த மூணும் கேட்டதை ஒண்ணுக்கொண்ணு சொல்லிப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்துரும். பொய்யனைப் பிடிக்கிறது என் வேலை இல்லீங்க்கா. பொய்யன் இருக்குறப்பவே தண்ணி பாயோணும்."

கூடப் பிறந்தவன் என் பக்கம் பேசவில்லை. அந்த லீவு முழுக்கச் சோறு போட்டேன், முகம் கொடுக்கவில்லை. இப்போது அதுதான் உறுத்துகிறது.

சேதி வந்த அன்று ரோட்டில் பாவாயி என் கையைப் பிடித்தாள். "நிசந்தாண்டி. தம்பி போயிட்டாரு. பள்ளிபாளையத்துல அவரு மாமனாரூட்டுல அழுதுட்டிருக்காங்க. கண்ணால பார்த்துட்டு வாரேன்."

நம்பினேன். ஏழு வருஷம் கழித்து அவளிடம் நம்பிய முதல் சொல் அதுவாக இருந்திருக்க வேண்டாம்.

பொய் சொன்னது யார் என்று இன்றுவரை தெரியாது. எனக்கு அது பொறுக்கவும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் முறை மாற்றுவதென்றால், மூன்று பேரும் கிணற்று மேட்டில் நின்று எல்லார் காதும் கேட்கச் சொல்கிறோம். தண்ணீர் பாய்கிறது.

தம்பி வைத்த நான்கு கல்லும் வைத்தபடியே இருக்கின்றன. போன வாரம் மோட்டாருக்கு முட்டுக்கொடுக்க ராமசாமி அதில் ஒன்றைத் தூக்கினான்.

"வெய்யிடா கீழ!" என்றோம், பாவாயியும் நானும், ஒரே வாயாக.