வெயிலில் வெளுத்த தொப்பி

அந்தத் தொப்பி இப்போது என் அலமாரியில் இருக்கிறது. வெள்ளைத் துணி, ஓரத்தில் ரப்பர் நாடா, முடி முழுவதையும் உள்ளே தள்ளி நெற்றி வரை இழுத்து மாட்டிக்கொள்ளும் வகை. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தீவில், பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்கள் பார்த்தவுடன் அடையாளம் சொல்லிவிடுவார்கள். மற்றவர்களுக்கு அதில் பார்க்க ஒன்றுமில்லை, ஒரு கறைகூடக் கிடையாது. கறை இல்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை வயிற்றெரிச்சல்.

தொப்பி அக்காவுடையது. அப்பா இறந்த வருடமே அவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு பக்டரி பஸ் ஏறினாள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மின்னணுச் சில்லின் மேல் பொருத்துவது அவள் வேலை. வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். அவளுக்கு முன்னால் சேர்ந்த பெண்களில் சிலருக்குப் பார்வை மங்கி, கம்பெனி அவர்களை அனுப்பிவிட்டிருந்தது. கண் போவதற்குள் அந்த மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்துவிட வேண்டும் என்று வாய்விட்டே சொல்லுவாள். எழுந்து எங்கே போவது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

அக்கா நல்ல உயரம், ஒல்லி, நல்ல கறுப்பு. முதல் இரண்டையும் எங்கள் வீட்டில் யாரும் கண்டுகொண்டதில்லை. மூன்றாவதைப் பற்றி மட்டும் தீராத வியாதியைப் பற்றிப் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரிக் கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தபோது ஒரு சீனப் பெண்மணி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பல் கரை சேரும் முன் பக்கத்தில் வந்து மலாயில் பேச்சுக் கொடுத்தாள். ஊரில் புதிதாகத் திறக்கப்போகும் பெரிய கடைக்கு உடை அலங்காரக் காட்சி நடத்தப்போகிறாளாம். மேடையில் நடக்கப் பெண்களைத் தேர்ந்தெடுக்கிறாளாம், அடுத்த ஞாயிறு ஓட்டலுக்கு வரவேண்டுமாம். பிடித்துப்போனால் மாதச் சம்பளத்தோடு கடையிலேயே வேலையும் உண்டாம். போகும்போது அக்காவின் கன்னத்தைச் சுட்டிக்காட்டி, "பெடாக் போடாதே. இந்த நிறம்தான் எனக்கு வேணும். இப்படியே வா," என்றாள். பெடாக் என்றால் முகப்பவுடர். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயதுகூட ஆகவில்லை. அக்காவின் நிறத்தை ஒருவர் வேண்டுமென்று கேட்டதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

அம்மா நம்பவில்லை. "கறுப்பு வேணும்னு யாருடி கேப்பா? மரியாதைக்குச் சொல்லியிருப்பா லா. நேர்ல போனா மூஞ்சியத்தான் பாப்பாங்க," என்றாள். ஒரு பெண்ணை நாலுபேர் பார்க்க அனுப்புவது என்றால் அம்மாவுக்குத் தெரிந்தது பெண் பார்க்கும் சடங்கு ஒன்றுதான். அதற்கு என்னென்ன செய்வார்களோ அதையெல்லாம் அந்த வாரத்தில் செய்தாள். தலைக்கு எண்ணெய், கண்ணுக்கு வெள்ளரித் துண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக மஞ்சள். கிழங்கைக் கல்லில் உரைத்து, பாலாடையில் குழைத்துக் கிண்ணத்தில் வைப்பாள். அப்பா போனதிலிருந்து அம்மா தன் முகத்தில் மஞ்சள் வைத்ததில்லை. தன் கையால் அக்காவுக்குப் பூசுவதும் ஆகாது என்று நினைத்தாள். கிண்ணத்தைத் தரையில் வைத்து என் பக்கம் தள்ளிவிட்டு நிலைப்படி ஓரமாகப் போய் நின்றுகொள்வாள். "நெத்தியில விட்டுட்ட பாரு. முடிக்கரை வரைக்கும் பூசு," என்று அங்கிருந்தே சொல்லுவாள்.

அக்கா ஏன் சரியென்றாள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அந்தப் பெண்மணி பெடாக்கைத்தானே வேண்டாமென்றாள், மஞ்சளைச் சொல்லவில்லையே என்று எனக்கே விளக்கம் சொன்னாள். எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் வேண்டாமென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. கன்னத்தைச் சுட்டிக்காட்டிச் சொன்னதை அவளே முழுதாக நம்பியிருக்கவும் மாட்டாள். ஆனால் சந்தோஷமாக இருந்தாள். தோழியிடம் இரவல் வாங்கிய உயரச் செருப்பை மாட்டிக்கொண்டு எங்கள் அடுக்குமாடியின் நீண்ட நடைபாதையில் மாலை வேளைகளில் நடந்து பழகுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். செருப்பு அவளுக்குச் சிறியது, குதிகால் தோல் உரிந்துவிட்டது. "வலிக்கலையாக்கா?" என்றால், "மைக்ராஸ்கோப்ப விடவா?" என்பாள்.

அந்தத் தொழிற்சாலையில் தூசிதான் முதல் எதிரி. ஒரு துளி பவுடர் விழுந்தாலும் சில்லு கெட்டுப்போகும் என்று, முகத்தில் எதையும் பூசிக்கொண்டு உள்ளே வரக் கூடாதென்ற சட்டம் இருந்தது. தொப்பி, முகமூடி, அங்கி எல்லாம் வெள்ளை, கொஞ்சம் அழுக்கானாலும் தெரியட்டும் என்பதற்காக. சனிக்கிழமை அக்காவின் தொப்பியைப் பார்த்துவிட்டு லைன் லீடர் அவளை எழுப்பி நிறுத்தினாள். நெற்றி படும் இடத்தில், ரப்பர் ஓரம் நெடுக, மஞ்சள் கோடு. அந்த வாரம் அந்த வரிசையில் நிறையச் சில்லுகள் கெட்டுப்போயிருந்தன. யாரால் என்று தெரியாமல் தேடிக்கொண்டிருந்தார்கள். இது பவுடர் இல்லை, மஞ்சள் என்று அக்கா சொன்னாள். சமையலுக்குப் போடுவதை எதற்கு முகத்தில் போடுகிறாய் என்று கேட்டார்களாம். மதியத்துக்குள் வெளியே அனுப்பிவிட்டார்கள். கறை படிந்த தொப்பி இனி உதவாது என்று அதையும் கையில் கொடுத்தார்கள்.

பக்டரியில் ஆளைக் குறைக்கிறார்கள் என்று மட்டும் வீட்டில் சொன்னாள். இரண்டு வேலையில் ஒன்று போய்விட்டது, மற்றது மறுநாள்.

ஓட்டலுக்கு நானும் துணைக்குப் போனேன். நீண்ட அறை, ஒரு மூலையில் விளக்குகள். அந்தப் பெண்மணி அக்காவைப் பார்த்ததும் சிரித்தாள், விளக்கின் கீழே நிறுத்தியதும் சிரிப்பு நின்றுவிட்டது. தாடையைப் பிடித்துச் சன்னல் பக்கம் திருப்பினாள். கட்டைவிரலால் கன்னத்தைத் தேய்த்து விரலைப் பார்த்தாள். "உடம்பு சரியில்லையா? காமாலையா?" என்று கேட்டாள். அக்கா கழிப்பறைக்கு ஓடினாள். சோப்புப் போட்டுத் தேய்த்தாள். சோப்புப் பட்டால் மஞ்சள் சிவக்கும், துண்டெல்லாம் சிவப்பானது. தேய்த்துத் தேய்த்து முகமும் வீங்கிப்போனது. திரும்பி வந்து நடந்து காட்டினாள். நன்றாகத்தான் நடந்தாள், நான் சத்தியமாகச் சொல்லுவேன். அந்தப் பெண்மணி முதலிலிருந்து கடைசிவரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் பெர்ரியில் பார்த்த முகம் இது இல்லையே," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. வருத்தமாகச் சொன்னாள். அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்கள்.

அம்மாவிடம் அக்கா, "அவங்களுக்குச் சீனப் பொண்ணுதான் வேணுமாம்," என்று சொல்லிவிட்டு ஈரத்துணியோடு படுத்துக்கொண்டாள். அம்மா, "நான் அப்பவே சொன்னேன்ல," என்றபடி துவைக்கத் துணிகளை எடுத்தாள். பையிலிருந்து அந்தத் தொப்பி வந்தது. உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தவள் அப்படியே குந்திவிட்டாள். கசக்கிப் பிழிந்து, நடைபாதையில் வெயில் விழும் இடமாகப் பார்த்துக் கம்பில் மாட்டினாள். மஞ்சள் கறைக்கு வெயில்தான் மருந்து. சாயங்காலம் எடுத்தபோது தொப்பி புதிதுபோல் வெளுத்திருந்தது. அம்மா அதை மடித்துத் தன் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். பல வருடங்கள் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தபோது மஞ்சள் கிண்ணத்தைத் தேடினேன். "ஒண்ணும் பூசாத. இருக்கிற மூஞ்சியோட போய் நில்லு," என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அக்கா வேறொரு பக்டரியில் சேர்ந்தாள், அங்கும் மைக்ராஸ்கோப்தான். கண் ஒத்துழைக்கும் வரை வேலை பார்த்தாள். இப்போது என்னோடு இருக்கிறாள். வெளிச்சமும் நிழலும் தெரியும், குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பாள். அம்மா இறந்து, புடவைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது தொப்பி கிடைத்தது. அக்காவின் கையில் கொடுத்தேன். ரப்பர் ஓரத்தைத் தடவியதுமே என்னவென்று தெரிந்துகொண்டாள். மூக்கு இடிக்கும் அளவுக்கு முகத்தருகே கொண்டுபோனாள்.

"மஞ்சள் இன்னும் இருக்கா? பாத்துச் சொல்லேன்."

"இல்லக்கா. அம்மா தொவைச்சுக் காயப் போட்டாங்கல்ல, அன்னிக்குச் சாயங்காலமே போயிருச்சு."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கேதான்."

கொஞ்ச நேரம் அதை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள். பிறகு என் கை இருக்கும் திசையைத் தேடி நீட்டினாள்.

"ஒரு மத்தியான வெயிலுக்குக்கூடத் தாங்கலையே அது," என்றாள்.