நிறுத்தாத கசெற்

நாளை மொழியியல் வகுப்பில் கல்முனைப் பேச்சைப் போட்டுக் காட்ட வேண்டும். இணையம் முழுக்கத் தேடிவிட்டேன். சென்னைப் பேச்சு இருக்கிறது, யாழ்ப்பாணப் பேச்சு இருக்கிறது, எங்களுடையது இல்லை. வேறு வழியின்றி, சவூதியிலிருந்து வாப்பா திரும்பக் கொண்டுவந்த பழைய கசெற்றைப் போட்டேன். இரைச்சலோடு பக்கத்து வீட்டுத் தறிச் சத்தமும் வந்தது.

அதைப் பதிவு செய்தபோது எனக்கு எட்டு வயது. உம்மா கடிதம் எழுதமாட்டார், கசெற்றில் பேசித்தான் வாப்பாவுக்கு அனுப்புவார். பொத்தான் அழுத்துவது என் வேலை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, புத்தகம் வாசிப்பதுபோல, "நாங்கள் அனைவரும் நலமாக இருக்கிறோம்" என்று தொடங்குவார். கசெற் முழுக்க அந்தத் தமிழ்தான், வகுப்புக்கு உதவாது. பதற்றத்தோடு முடியும்வரை ஓடவிட்டேன்.

கடைசியில் உம்மாவின் குரல் தாழ்ந்தது.

"நிப்பாட்டிட்டியா மகள்?"

"ஓம் உம்மா."

"ராவெல்லாம் மூச்செடுக்க ஏலாமக் கிடக்கு. வாப்பாக்குச் சொல்லிப்போடாத."

நான் நிறுத்தியிருக்கவில்லை.

சவூதி வேலை ஒப்பந்தம் முடியுமுன்பே வாப்பா ஏன் திடீரென்று வந்து இறங்கினார் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

நாளைக்குத் தேவையான ஊர்ப் பேச்சு முழுக் கசெற்றிலும் அந்தச் சில வரிகள்தான். சொல்லிவிடாதே என்று உம்மா என்னிடம் கேட்டுக்கொண்ட வரிகள்.