பதில் வரும்வரை

"சர்வர் பிடிய மட்டும் தூக்குங்கண்ணே. மத்ததெல்லாம் அப்புறம்."

காலை ஏழரை. மின்பலகையின் சுவிட்ச் பிடிகள் அருகே கைகட்டி நிற்கிறாள் நுர்ஸாதா. காவலர் ஷமிர்பெக் அலுத்துக்கொள்கிறார். "ஒரே தள்ளா தள்ளினா உன் பொட்டி கோவிச்சுக்குமா?"

"கோவிக்காது. பதில் சொல்லாது."

தீக்குப் பயந்து, எங்கள் மாவட்ட மருத்துவமனையின் புறநோயாளர் கட்டடத்தில் தினமும் மாலை மின்சாரத்தை மொத்தமாக அணைத்து, கதவுகளில் நூல் கட்டி முத்திரை வைத்துவிடுவார்கள். காலையில் எல்லாக் கணினிகளும் ஒன்றாக விழிக்கும். நோயாளிகளின் அட்டைகளை எடுத்துத் தரும் சேவை கிடங்கறையின் பழைய சர்வரில் ஓடுகிறது. அது எழ ஒன்றரை நிமிடமாகும். பதிவு மேசை நிரலுக்கு இருபது வினாடி போதும். முன்பெல்லாம் அது கேட்கும், பதில் வராது, உடனே "அட்டை இல்லை" என்று காட்டிவிடும். வரிசைக்குப் பயந்து நாங்களும் புது அட்டை திறந்துவிடுவோம். எந்த மருந்து ஆகாது என்ற சிவப்புக் குறிப்பு பழைய அட்டையிலேயே கிடக்கும்.

கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் நுர்ஸாதாவுக்கு முப்பத்தாறு வயது. வெப்பக் குழாய் எட்டாத அந்தக் கிடங்கறையில் மேலங்கியோடுதான் வேலை. கட்டம் போட்ட நோட்டில் தினமும் சர்வர் எழும் வினாடிகளைக் குறிக்கிறாள். உலர்தயிர் உருண்டைதான் மதிய உணவு. ஒருமுறை எங்கள் பதிவு மேசைக்கு வந்து இதையெல்லாம் விளக்கப் பார்த்தாள், சிரித்தோம். பிறகு வரவில்லை. நோவோசிபிர்ஸ்கில் லாரி ஓட்டும் கணவனை அழைப்பாள். மூன்றாவது மணியில் துண்டித்துவிடுவாள். "பனியில ஓட்டிட்டிருப்பான்."

நிரல் எண்பது வினாடி காத்திருக்கும்படி முதலில் மாற்றினாள். ஜனவரியில் ஒரு நாள், குளிரில் சேவை எழ நூற்றுப்பத்து வினாடி ஆனது. அன்று சிதிக்பெக் பெரியவருக்குப் புது அட்டை திறந்தது நான். எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான். திரை "இல்லை" என்றால் இல்லைதான் என்று நம்பியவள். ஊசியைக் கையில் எடுத்த பிறகுதான் செவிலி, பென்சிலின் ஒத்துக்கொள்ளுமா என்று பெரியவரிடம் வாய்விட்டுக் கேட்டாள்.

"பென்சிலினா? போன தடவ அதுலதாம்மா செத்துப் பொழச்சேன்!"

என்னை யாரும் திட்டவில்லை. நுர்ஸாதாவும் திட்டவில்லை.

அதன்பிறகு அவள் கடிகாரத்தையே நம்புவதில்லை. சர்வரின் பிடி முதலில் மேலே போக வேண்டும். நிரலும் இப்போது வினாடி எண்ணுவதில்லை. சேவை பதில் சொல்லும்வரை திரும்பத் திரும்பக் கேட்கிறது. அதுவரை புது அட்டைப் பொத்தானைப் பூட்டிவைக்கவும் அனுமதி கேட்டாள். "ஜனங்க கத்துவாங்க, பூட்டாத" என்றுவிட்டார் தலைமை மருத்துவர்.

நேற்று ஷமிர்பெக் விடுப்பு. மாற்றுக் காவலர் எல்லாப் பிடிகளையும் சேர்த்துத் தள்ளிவிட்டார். திரையில் "காத்திருக்கவும்". வரிசை வாசல்வரை நீண்டது. நுர்ஸாதா எங்கள் மேசைக்கே வந்து நின்றாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?"

"தெரியாது. பதில் வரணும்."

"வீட்ல காத்திருக்க ஆளில்லாதவளுக்கு என்ன அவசரம்!" என்றது ஒரு குரல். வரிசை சிரித்தது.

பக்கத்து இருக்கை பெர்மெத், "ஒண்ணே ஒண்ணு புது அட்டை திறந்துடறேன்" என்று மௌஸை நோக்கிக் கையை நீட்டினாள். நுர்ஸாதா திரும்பிப் பார்க்கவில்லை. கையுறையைக் கழற்றி, வெறும் உள்ளங்கையால் மௌஸை மூடிக்கொண்டு, திரையையே பார்த்தபடி நின்றாள்.